மூட்டத்துக்குள் மூன்று நிமிஷம்

டயகமவுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற கடைசி இடத்தையும் தாண்டி, தேயிலை மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு நின்றது பிள்ளைக்காம்பரா. கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அதன் பின்பக்கத்தில் ஒரு நீள வாங்கு கிடந்தது. வெளிச்சமான நாளில் அதில் உட்கார்ந்தால் மலைகள் ஒன்றின் தோளுக்குப் பின்னால் ஒன்றாகத் தெரியும். பச்சை நீலமாகி, நீலம் வெளிறி, கடைசி மலை எது, வானம் எது என்று பிரிக்க முடியாமல் போகும். மூட்டம் இறங்கிய நாளிலோ, வாங்குக்கு முன்னால் நிற்கும் ரோஜாச் செடிகூடக் காணாமல் போய்விடும். மீதி உலகத்தை யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது போல இருக்கும்.

றொசானா தன் பரிசோதனைக்கு அந்த வாங்கைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

மேல் டிவிஷனில், வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் அந்தோனியம்மாவின் இரண்டாவது மகள் அவள். கம்பஸில் உளவியல் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருஷத்தில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு பரிசோதனை செய்து ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் பரீட்சைப் பயம், போன் பழக்கம் என்று கம்பஸ் வளவுக்குள்ளேயே ஆள் பிடித்து வேலையை முடித்துக்கொண்டார்கள். றொசானாவின் மனசில் மட்டும் வேறொரு கேள்வி வெகுநாளாகக் குடியிருந்தது. மூட்டத்துக்குள் நேரம் வேறு மாதிரி ஓடுகிறதா?

ஓடுகிறது என்றே அவள் நம்பினாள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூட்டம் சூழ்ந்துவிட்டால் நிமிஷங்கள் ஈரத் துணி போலக் கனத்துவிடும். கொஞ்ச நேரம் நின்றதையே அரைமணி நின்றதாகச் சொல்லி எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். பார்ப்பதற்கு எதுவும் இல்லாதபோது மனசு நேரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க அது நீளும். புத்தகங்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லின.

பரிசோதனை எளிமையானது. ஒரு பெண் தனியாக வாங்கில் உட்கார வேண்டும். கையில் மணிக்கூடோ போனோ இருக்கக் கூடாது. எண்ணவும் கூடாது. மூன்று நிமிஷம் ஆகிவிட்டது என்று மனசுக்குப் படும்போது கையை உயர்த்த வேண்டும். பின்னால், படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் றொசானா நேரத்தைக் குறித்துக்கொள்வாள். ஒவ்வொருவரும் இரண்டு தடவை வர வேண்டும், மூட்டமான பின்னேரத்தில் ஒரு தடவை, தெளிவான பின்னேரத்தில் ஒரு தடவை. பாதிப் பேருக்கு மூட்டம் முதலில், மீதிப் பேருக்கு வெளிச்சம் முதலில். மூட்டத்தில் நேரம் இழுத்துக்கொண்டு போகிறதென்றால், அங்கே கை சீக்கிரமாக உயர வேண்டும்.

இருபத்துச் சொச்சம் பெண்கள் வரச் சம்மதித்தார்கள். மூட்டந்தான் சம்மதிக்கவில்லை. வேண்டும் என்று காத்திருந்த நாளில் மலையெல்லாம் கண்ணைப் பறிக்கும் வெயில். வேண்டாம் என்ற நாளில் பகலிலேயே கீழே பள்ளத்திலிருந்து எழும்பி, சத்தம் போடாமல் தேயிலை நிரைகளுக்குள் நுழைந்து, ஒவ்வொரு செடியாக எடுத்து விழுங்கிக்கொண்டு மேலே வந்தது. கம்பஸ் விடுமுறை முழுவதும் றொசானா வானத்தைப் பார்த்தபடியே திரிந்தாள்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு விதம். ராசம்மா அக்கா உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் கையைத் தூக்கிவிட்டாள்.

"அவ்வளவுதான் புள்ள. மூணு நிமிஷமெல்லாம் எப்பவோ போயிருச்சு."

வெயிலிலும் சரி, மூட்டத்திலும் சரி, அவளுக்கு அவசரம். நாகலெட்சுமி அதற்கு நேர் எதிர். எந்த நாளில் உட்கார்ந்தாலும் பொறுமையாக, பாதி கண்ணை மூடிக்கொண்டு, எழும்பவே மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து இவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பதே றொசானாவுக்கு ஒரு கனவு போல இருந்தது. மூட்டத்தில் முதுகுகளின் ஓரம் கரையும். சால்வையின் நிறம் மட்டும் மிதக்கும். எங்கோ தொழிற்சாலையின் இரைச்சல் மெத்தையில் பொதிந்து வைத்தது போல் கேட்கும். பிறகு, அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை மெதுவாக முளைக்கும்.

ஜீவராணி வந்த நாளில் இறங்கிய மூட்டம் அந்த விடுமுறையிலேயே மிகத் தடித்தது.

ஜீவராணி நாலாம் லயத்தில் இருப்பவள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மாமியார், புருஷன், மூன்று பிள்ளைகள், புருஷனின் தம்பி குடும்பம் என்று எல்லோரும் ஒரே காம்பராவில். அதிகம் பேசமாட்டாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்தாள். சிவப்புக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். றொசானா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, படிக்கட்டுக்குப் போய் போனில் நேரத்தை ஓடவிட்டாள்.

மூன்று நிமிஷம் ஆனது. ஐந்து ஆனது. சிவப்பு அசையவில்லை. மூட்டம் இன்னும் தடித்து, சிவப்பு ரோஸாகி, ரோஸ் ஒரு நினைப்பு மாதிரி மட்டும் மிஞ்சியது. கை உயர்ந்து தான்தான் பார்க்கவில்லையோ என்று றொசானாவுக்குச் சந்தேகம் வந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தால் பரிசோதனை கெட்டுவிடும். கூப்பிடவும் கூடாது. அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். காதோரம் முடியில் நீர்த்துளி கோத்தது. உள்ளே ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. பிறகு அதுவும் இல்லை. கையில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆனால் அவை எதை அளக்கின்றன என்பதே அவளுக்கு மறந்துபோகும் போல இருந்தது.

கடைசியில் பள்ளத்திலிருந்து ஒரு காற்று வந்தது. மூட்டம் நடுவில் கிழிந்து, ரோஜாச் செடி, வேலி, முதல் நிரை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஜீவராணி வந்த மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஞாபகம் வந்தது போல் தலையைத் திருப்பி, கையை உயர்த்தினாள். இருபது நிமிஷத்துக்கும் மேலே ஓடியிருந்தது.

றொசானா அந்த எண்ணை அப்படியே குறித்துக்கொண்டாள். அடுத்த வாரம், பளிச்சென்ற வெயிலில் ஜீவராணி இரண்டாவது தடவை வந்தாள். அன்றைக்கு எல்லோரையும் போலவே சரியாகக் கையை உயர்த்திவிட்டுப் போனாள்.

எண்களெல்லாம் சேர்ந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது.

முதலில் றொசானா மூட்டத்து எண்களை ஒரு பக்கமும் வெயில் எண்களை மறுபக்கமும் போட்டு, இரண்டு கூட்டங்களை ஒப்பிடும் சாதாரண ரி-சோதனையைச் செய்தாள். வித்தியாசம் எதுவுமில்லை என்று விடை வந்தது. மனசு உடைந்து, கூடப் படிக்கும் திலக்ஷனுக்குப் போன் எடுத்தாள். கினிகத்தேனையில் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டே தன் அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தான் அவன். கணினி வேலையில் கெட்டிக்காரன்.

"நீ யாரை யாரோட ஒப்பிட்டிருக்க?" என்று கேட்டான் அவன்.

"மூட்டத்தையும் வெயிலையும்."

"இல்ல. ராசம்மாவையும் நாகலெட்சுமியையும் ஒப்பிட்டிருக்க. அவங்க ரெண்டு பேரும் எந்த நாள்லயும் ஒரே மாதிரி இருக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்ன? அந்த வித்தியாசத்துக்குள்ள மூட்டம் முங்கிப் போச்சு. வந்தது ஒரே ஆளுங்க, ரெண்டு தடவை. அப்ப ராசம்மாவ ராசம்மாவோடதானே வச்சுப் பாக்கணும்?"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாடத்தில் எத்தனையோ முறை எழுதியதுதான். ஒரே ஆளை இரண்டு தடவை அளந்தால் சோடி சோடியாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொருத்தியின் வெயில் எண்ணிலிருந்து அவளுடைய மூட்டத்து எண் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் கணக்கு. அப்படி மாற்றி எழுதியபோது எண்கள் வேறு முகம் காட்டின. அவசரக்காரி ராசம்மா மூட்டத்தில் இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தாள். பொறுமைக்காரி நாகலெட்சுமியும் மூட்டத்தில் கொஞ்சம் முந்தியிருந்தாள். ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான். வித்தியாசங்கள் சின்னச் சின்னதாக, ஆனால் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன, காற்றடிக்கும் பக்கம் புல் சாய்வது போல.

அந்தச் சந்தோஷத்தில் சோடி ரி-சோதனையைப் போட்டாள். அதற்கும் வித்தியாசம் இல்லை என்றே விடை வந்தது.

காரணம் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஜீவராணி. அந்தச் சோதனை சராசரியை நம்பி நிற்பது. எல்லோரும் சேர்ந்து சேமித்த சின்னச் சின்ன அவசரங்களை அந்த ஒருத்தியின் நீண்ட அமைதி ஒரே வாயில் விழுங்கிவிட்டிருந்தது.

றொசானா அனுப்பியிருந்த எண்களைப் பார்த்துவிட்டு, மறுநாள் திலக்ஷன் குரல் பதிவு அனுப்பினான். "அந்த அக்காவ எடுத்துட்டுப் போட்டுப் பாத்தேன். அருமையா வருது. அவங்களுக்கு வெளங்கல, இல்லாட்டி தூங்கிட்டாங்க. அப்படி ஒரு வரி எழுதிட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

றொசானா அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். திலக்ஷன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அளவில் பிழை இருந்தால் அந்த எண்ணை நீக்கலாம் என்று விதி இருந்தது. ஜீவராணி உண்மையிலேயே தூங்கியிருந்தால்? சொன்னது விளங்காமல் இருந்திருந்தால்? அப்படி இருந்திருக்க வேண்டும் என்று தான் எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று தெரிந்தபோது அவளுக்குத் தன்மீதே கொஞ்சம் பயம் வந்தது. அதனாலேயே நேரில் போய்க் கேட்பதென்று முடிவு செய்தாள்.

அன்று சனிக்கிழமை. ஜீவராணி லயத்துக்குக் கீழே உள்ள பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து மூங்கில் வழியாக இறங்கிய தண்ணீர் கல்லில் விழுந்து வெள்ளையாகச் சிதறியது. மூட்டம் இருந்தது, ஆனால் மெல்லியது, பால் கழுவிய தண்ணீர் போல.

"வா றொசானா. இன்னும் ஒருக்கா உக்காரணுமா?"

"இல்லக்கா. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மூட்டத்துல ரொம்ப நேரம் உக்காந்திருந்தீங்கல்ல. தூக்கம் வந்துருச்சா?"

ஜீவராணி துணியைப் பிழிந்தபடி நிமிர்ந்தாள். "இல்லியே. ரொம்ப நேரமா இருந்தேன்?"

"இருபது நிமிஷத்துக்கு மேல."

அவள் நம்பவில்லை. றொசானாவின் முகத்தைப் பார்த்து, விளையாட்டு இல்லை என்று தெரிந்ததும், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னது வெளங்குச்சாக்கா? மூணு நிமிஷம் ஆன மாதிரி தோணுனா கையத் தூக்கணும்னு சொன்னேன்."

"அது வெளங்காம என்னா. எனக்கு மூணு நிமிஷம் ஆகல. அதான் தூக்கல."

"அப்ப என்னா செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

ஜீவராணி சுற்றும் முற்றும் பார்த்தாள். பீலியில் வேறு யாரும் இல்லை.

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்."

"வீடு கட்டிக்கிட்டு இருந்தேன்."

பிறகு ஜீவராணி பேசத் தொடங்கினாள். அவள் இவ்வளவு பேசி றொசானா கேட்டதே இல்லை.

"கவர்மெண்டுல ஏழு பேர்ச் காணி தர்றாங்க, வீடு தர்றாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்கல்ல. நம்ம பேரும் இருக்குன்னு சொன்னாங்க. எப்ப வருமோ தெரியாது. அத நெனைக்க எனக்கு நேரமே கெடைக்காது. வேலையில கங்காணி கூப்புடுவாரு. வீட்டுல மாமி கூப்புடுவாங்க, புள்ளைங்க கூப்புடும். ராத்திரி படுத்தா அடுத்த நிமிஷம் விடிஞ்சிரும். அன்னைக்கு நீ உக்காரச் சொன்ன. மூட்டம் வந்து மூடிருச்சு. என்னைய யாருக்கும் தெரியல. நான் அங்க இருக்கேன்னே ஒருத்தருக்கும் தெரியல. அப்ப ஆரம்பிச்சேன். வாசல கெழக்கால வச்சேன். புள்ளைங்களுக்கு ஒரு ரூம். மாமிக்கு ஒரு ரூம், கதவோட. எல்லாம் சரியா வந்துச்சு. குசினி ஜன்னல்தான் சரியா வரல. ஆத்துப் பக்கம் வச்சா மழை அடிக்கும். ரோட்டுப் பக்கம் வச்சா போற வர்றவங்க எல்லாம் எட்டிப் பாப்பாங்க. மாத்தி மாத்தி வச்சுப் பாத்தேன். எந்தப் பக்கம் நின்னு சமைச்சா எனக்கு மலை தெரியும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள மூட்டம் போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, மூணு நிமிஷம் ஆயிருச்சுன்னு நெனச்சேன். தூக்கிட்டேன்."

றொசானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணெதிரே, பீலிக்கு மேல் அசைந்துகொண்டிருந்த மெல்லிய வெள்ளையில், ஒரு சுவரும் அதில் இடம் மாறி மாறித் திறக்கும் ஜன்னலும் தெரிந்தது போல இருந்தது. தான் படியில் உட்கார்ந்து குளிரில் விறைத்துக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம், சில அடி தூரத்தில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜீவராணி அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னால ஒன் படிப்புக்கு ஏதும் கொழப்பமா?"

றொசானா மறைக்கவில்லை. "மத்தவங்க எல்லாருக்கும் மூட்டத்துல நேரம் இழுத்துக்கிட்டுப் போச்சு. ஒங்களுக்கு மட்டும் பறந்து போயிருக்கு. ஒங்க கணக்கச் சேத்தா, மொத்தத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி வருது."

"அட. அவ்வளவுதானா." ஜீவராணி எழும்பி வாளியை எடுத்தாள். "தூங்கிட்டேன்னு எழுதிக்க. எனக்கு ஒண்ணும் இல்ல. வீடு கட்டுனேன்னு எழுதுறதுக்கு அது பரவாயில்ல."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள். ஒரு வரி. அவளே அனுமதி கொடுத்த வரி. றொசானா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டும் என்று மனசுக்குள் ஒன்று சொன்னது. அது சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இல்லக்கா," என்றாள் பிறகு. "நீங்க முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்க."

ஜீவராணி தோளைக் குலுக்கிவிட்டு மேலே ஏறினாள். ஈரத் துணிகளின் வாசம் அவளோடு போனது.

வீட்டுக்கு வரும் பாதையில் றொசானா மெதுவாக நடந்தாள். மூட்டம் மறுபடி தடித்துக்கொண்டு வந்தது. காலடி பட்ட இடம் மட்டும் பாதையாக இருந்தது, மற்றதெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் அவளுடைய பெண்கள் எல்லோரும் எங்கோ பக்கத்தில் வரிசையாக நிற்பது போல ஒரு நினைப்பு ஓடியது. சிலர் ஒரு எட்டுத் தள்ளி, சிலர் இரண்டு எட்டுத் தள்ளி. ஜீவராணி மட்டும் மலைக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில். எவ்வளவு தூரம் என்று அளக்கப் போனால் அவள் ஒருத்தியின் தூரமே எல்லோரையும் மூடிவிடுகிறது. தூரத்தை விட்டுவிட்டால்? யார் அதிகம் விலகியது, யார் குறைவு என்ற வரிசையை மட்டும் வைத்துக்கொண்டால்? ஜீவராணி வரிசையின் உச்சியில் நிற்பாள். ஆனால் அங்கேயும் அவளுக்கு ஓர் இடம்தான்.

அப்படி ஒரு சோதனை இருந்தது. சோடிகளுக்கு இடையிலான வித்தியாசங்களை அளவைக் கொண்டு அல்லாமல் வரிசை எண்ணைக் கொண்டு எடைபோடும் வில்கொக்சன் சோதனை. எல்லோரும் ஒழுங்காகப் பரவி நிற்காதபோது, சராசரியை நம்ப முடியாதபோது போடுவது. விரிவுரையில் அதைக் கேட்டபோது மற்றது சரிவராவிட்டால் எடுத்துக்கொள்கிற இரண்டாந்தரமான ஒன்று என்றே எழுதி வைத்திருந்தாள்.

அது என்ன விடை தரும் என்று அவளுக்குத் தெரியாது. ஜீவராணி எதிர்ப்பக்கம் நிற்பதால் மிகப் பெரிய வரிசை எண்ணே எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். அதுவே எல்லாவற்றையும் கவிழ்த்துவிடலாம்.

வீட்டில் அப்பா இக்னேசியஸ் அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். தொழிற்சாலையில் அவருக்கு அன்று லீவு. மகள் ஈரத்தோடு வந்து லெப்டொப்பைத் திறந்ததைப் பார்த்தவர், பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியை ஊற்றிப் பக்கத்தில் வைத்தார்.

அவள் சோதனையைப் போடவில்லை. முதலில், தன் ஆய்வுக்குப் பொறுப்பான நிரஞ்சன் சேருக்கு மின்னஞ்சல் எழுதினாள். சோடி ரி-சோதனை செய்வதாகத்தான் தொடக்கத்தில் திட்டமிட்டிருந்தேன். செய்தும் பார்த்துவிட்டேன், வித்தியாசம் தெரியவில்லை. ஒருவருடைய எண் மிகவும் விலகி நிற்கிறது. அவரை நேரில் கேட்டேன். அவருக்கு விளங்கியிருந்தது, விழித்திருந்தார், சொன்னபடிதான் செய்தார். அதனால் அவரை நீக்கக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அனைவரையும் வைத்துக்கொண்டு வில்கொக்சன் சோதனை செய்யப் போகிறேன். இதை எழுதும்போது அதன் விடை எனக்குத் தெரியாது. எது வந்தாலும் இரண்டு விடைகளையும் எழுதுவேன்.

அனுப்பிய பிறகு திலக்ஷனுக்கும் செய்தி போட்டாள். உடனே பதில் வந்தது. "பைத்தியம். நல்லா வர்றத விட்டுட்டு எதுக்கு ரிஸ்க்?"

"அவங்க தூங்கல திலக்ஷன்."

பிறகு, "சரி. அப்ப போட்டுட்டுச் சொல்லு. நான் கடையிலதான் இருக்கேன்" என்று வந்தது.

றொசானா சாயத்தண்ணியைக் குடித்து முடித்தாள். மூட்டம் வாசல் வரை வந்து, உள்ளே வரலாமா என்று யோசிப்பது போல நின்றது. அப்பா ரொட்டியைத் தட்டும் சத்தம் சீராகக் கேட்டது. அவள் விசையை அழுத்தினாள்.

வித்தியாசம் இருந்தது. பெரிதாக இல்லை, ஆனால் சந்தேகப்பட முடியாத அளவுக்கு இருந்தது. உச்சியில் நின்ற ஒருத்தி எதிர்ப்பக்கம் இழுத்தும், மற்றவர்கள் சேர்ந்து சாய்ந்த பக்கம் சாய்ந்தே இருந்தது. மூட்டத்துக்குள் அந்தப் பெண்களுக்கு நேரம் மெதுவாகத்தான் போயிருக்கிறது. ஒருத்திக்கு மட்டும் போகவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அப்பா பார்த்தார். "பிழையாயிருச்சா?"

"இல்லப்பா. சரியா வந்திருக்கு."

"அப்ப ரொட்டியச் சாப்புடு. ஆறுது."

அறிக்கையைப் பற்றிய நேர்முகத் தேர்வு சுலபமாக இருக்கவில்லை. வெளியிலிருந்து வந்திருந்த பரீட்சகர் அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். "முதல் சோதனையில் நீங்கள் விரும்பிய விடை வரவில்லை. அதற்குப் பிறகுதான் சோதனையை மாற்றியிருக்கிறீர்கள். இல்லையா?"

"ஆமாம் மேடம்."

"அப்படியென்றால் உங்களுக்கு வேண்டியதைத் தேடிப் பிடித்தீர்கள் என்று நான் சொன்னால்?"

"சொல்லலாம் மேடம். அதனால்தான் மாற்றியது எப்போது, ஏன் என்று எழுதியிருக்கிறேன். முதல் விடையையும் மறைக்கவில்லை. முதலிலேயே இதை யோசித்துத் திட்டமிட்டிருக்க வேண்டும். ஒருவர் இவ்வளவு விலகி நிற்பார் என்று நான் நினைக்கவில்லை."

"அவரை நீக்கியிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது."

"அவரை நீக்கக் காரணம் இல்லை மேடம். அவருக்கு அப்படித்தான் நேரம் போயிருக்கிறது."

நிரஞ்சன் சேர் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதினார். அம்மையார் பக்கத்தைத் திருப்பினார். மிகச் சிறந்த பெறுபேறு கிடைக்கவில்லை. திட்டமிடலில் குறை என்று கொஞ்சப் புள்ளி குறைத்திருந்தார்கள். றொசானாவுக்கு அது நியாயமாகவே பட்டது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, பங்கெடுத்த பெண்களையெல்லாம் பிள்ளைக்காம்பராவின் முன் அறைக்குக் கூப்பிட்டிருந்தாள். நேரம் கொடுத்தவர்களுக்கு என்ன வந்தது என்று சொல்ல வேண்டியது முறை. அம்மா அந்தோனியம்மா பெரிய கேத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். குழந்தைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூட்டமா இருந்தா ஒங்களுக்கெல்லாம் நேரம் மெதுவாப் போகுது," என்றாள் றொசானா. "மூணு நிமிஷம் ஆகுறதுக்கு முன்னாடியே ஆயிருச்சுன்னு தோணுது."

"அத என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே," என்றாள் ராசம்மா. "இதுக்கா இத்தன நாளு எங்கள உக்கார வச்ச?"

"அக்காவுக்கு மூட்டம் இல்லாட்டியும் அப்படித்தான்," என்றாள் நாகலெட்சுமி. அறை சிரித்தது.

"மூட்டத்துல வேலை செய்யிற நாளுக்குச் சம்பளத்தக் கூட்டச் சொல்லி அதுல எழுதியிருக்கியா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் கொஞ்சம் குறைவாக.

"எல்லாருக்குமா அப்படி?" என்றாள் நாகலெட்சுமி.

"எல்லாருக்கும் இல்லக்கா. ஒருத்தருக்கு மட்டும் நேரம் பறந்து போயிருக்கு. மூணு நிமிஷத்துக்குப் பதிலா இருபது நிமிஷத்துக்கு மேல உக்காந்திருக்காங்க."

"யாரு அது?" தலைகள் திரும்பின. ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டினாள். அவள் மூன்றாவது ஒருத்தியைக் காட்டினாள். "நாகலெட்சுமியா இருக்கும்," என்றாள் ராசம்மா உறுதியாக. "இவதான் உக்காந்தா எழும்ப மாட்டா."

"நான் இல்ல. நான் மூட்டத்துல கொஞ்சம் சீக்கிரமாவே கையத் தூக்கிட்டேன்."

சுவரோரத்தில், மஞ்சள் கதிரையில், ஜீவராணி உட்கார்ந்திருந்தாள். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. றொசானா அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றாள்.

"அது சரி," என்றாள் ஜீவராணி, சாவகாசமாக ஒரு மிடறு குடித்துவிட்டு. "அந்த ஒருத்தி அவ்வளவு நேரம் என்னா செஞ்சுக்கிட்டு இருந்தாளாம்?"

"அத நான் சொல்லக் கூடாதுக்கா," என்றாள் றொசானா. "அது எங்க சட்டம்."

"சொல்லக் கூடாதுன்னா வேற என்னா, தூங்கியிருப்பா," என்றாள் ராசம்மா.

"தூங்கல," என்றாள் றொசானா.

ஜீவராணி கோப்பையை வாய்க்கு அருகிலேயே வைத்துக்கொண்டாள். அதற்கு மேலாகத் தெரிந்த கண்கள் மட்டும் சிரித்தன. மற்றவர்கள் அந்த ஒருத்தி யார், என்ன செய்திருப்பாள் என்று கேத்தல் காலியாகும்வரை அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். தனக்கு அவ்வளவு நேரம் கிடைத்தால் என்ன செய்வேன் என்று ஒருத்தி தொடங்க, அடுத்தவள் அவளை முடிக்கவிடாமல் தன்னுடையதைச் சொல்லத் தொடங்கினாள்.